மூன்று பவுன் வரியும் ஒரு பலகை ஆட்டமும்

அன்புள்ள அண்ணா,

டர்பனிலுள்ள சாட்ஸ்வர்த்திலிருந்து எழுதுகிறேன். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்த நம் முன்னோரைப் பற்றி ஒரு பலகை ஆட்டம் செய்திருக்கிறேன். பகடை உருட்டிக் காய் நகர்த்த வேண்டும். விழுகிற கட்டத்தைப் பொறுத்து நோய், அடி, அபராதம். ஐந்து வருட ஒப்பந்தத்தை முதலில் முடிப்பவருக்கு வெற்றி. வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது. நான் வரலாற்றைச் சொல்லச் சொல்லப் பாட்டி அழுதுவிட்டார். எந்த அச்சகத்தில் கொடுக்கலாம்? யோசனையை யாராவது திருடிவிட்டால்?

வாசகர், சாட்ஸ்வர்த்

அன்புள்ள தம்பி,

திருட்டைப் பற்றி அதிகம் யோசிக்காதே. ஆட்டத்தின் யோசனைக்குப் பதிப்புரிமை கிடையாது. நீ எழுதிய விதிகளுக்கும் வரைந்த படங்களுக்கும் உண்டு. ஒளித்து வைத்தால் யாரும் ஆடிப் பார்க்க முடியாது, அதனால் தாராளமாகக் காட்டு.

பாட்டி அழுதது உன் பேச்சைக் கேட்டு. ஆட்டத்தைப் பார்த்து அல்ல. கோபப்படாதே, இதைச் சொல்லத்தான் பதில் எழுதுகிறேன்.

டர்பனில் நகராட்சியின் இந்தியத் தொழிலாளர்கள் குடியிருந்த மேகசின் பேரக்ஸிலிருந்து சாட்ஸ்வர்த்துக்குப் பெயர்க்கப்பட்ட குடும்பம் எங்களுடையது. சனிக்கிழமை ராத்திரி மாமா வீட்டில் துனி என்ற சீட்டாட்டம் ஆடுவார்கள். நாலு பேர், 24 சீட்டு. ஜாக்கிக்கு 30, ஒன்பதுக்கு 20, ஏஸுக்கு 11, பத்துக்கு 10. ராஜாவுக்கு வெறும் 3. இதையெல்லாம் எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தே கற்றோம், வாய் திறந்தால் குட்டு விழும். புதுத் தெருவில் பக்கத்து வீட்டுக்காரர்கள் வேறு மாதிரி ஆடினார்கள். அதற்காக விடிய விடியச் சண்டை. தீர்த்து வைக்க மாமா இருந்தார். உன் பெட்டியைக் கேப்டவுனில் யாரோ பிரிக்கும்போது எந்த மாமா இருப்பார்?

உன்னைத் தெரியாத நாலு பேரிடம் பெட்டியைக் கொடு. விதிகளைப் படித்து அவர்களாகவே ஆடட்டும். நீ ஒரு நோட்டோடு மூலையில் உட்கார். தப்பாக ஆடினாலும் திருத்தக் கூடாது. ‘அது அப்படி இல்லைங்க’ என்று ஒரு தடவை சொல்லிவிட்டால் அந்தச் சோதனை வீண். அவர்கள் தப்பாக ஆடக் காரணமான வரி உன் விதிகளில் எங்கே இருக்கிறது என்று தேடு. பிடித்ததா என்று கேட்காதே, பிடித்தது என்றுதான் சொல்வார்கள். எப்போது போனைக் கையில் எடுத்தார்கள் என்று பார். வீட்டில் எல்லோருக்கும் பிடித்திருக்கிறது என்று இனி எழுதாதே. அவர்களுக்கு உன்னைப் பிடிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் அந்தப் பகடை. உன் ஆட்டத்தில் ஆடுகிறவர் எடுக்கும் முடிவு எது? ஒன்றுகூட இல்லை. நம் முன்னோர் கையில் இருந்தது கொஞ்சம்தான், ஆனால் அந்தக் கொஞ்சத்தை வைத்துக்கொண்டு அவர்கள் முடிவெடுத்தார்கள். நீ ஐந்தாம் வருடத்தில் வெற்றி என்று முடிக்கிறாய். உண்மையில் அங்கேதான் கழுத்தைப் பிடித்தார்கள். நேட்டாலின் 1895 சட்டத்துக்குப் பிறகு வந்தவர்களுக்கு மூன்று வழி: மறுபடி ஒப்பந்தம், இந்தியாவுக்குக் கப்பல், அல்லது வருடம் 3 பவுன் (தங்கம் இல்லை, பிரிட்டிஷ் பணம்) வரி கட்டி இங்கேயே இருப்பது. ஒப்பந்தத்தில் ஆண்களுக்கு முதல் வருடம் மாதம் 10 ஷில்லிங், ஐந்தாம் வருடம் 14. மூன்று பவுன் என்றால் 60 ஷில்லிங், நாலு மாதச் சம்பளத்துக்கும் மேல். பிறகு 16 வயதுப் பையனுக்கும் 13 வயதுப் பெண்ணுக்கும்கூட அந்த வரியை நீட்டினார்கள். 1914இல்தான் எடுத்தார்கள். இதை விதியாக வை. மகளுக்கு 13 ஆகிற சுற்றில் ஆடுகிறவர் கையிலிருக்கும் காசை எண்ணிப் பார்க்கட்டும். நீ ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை.

அமெரிக்காவில் எலிசபெத் மேகி இதைத்தான் செய்தார். நில வாடகை எப்படி ஆளை ஏழையாக்குகிறது என்று காட்ட ஓர் ஆட்டம் செய்து 1904இல் காப்புரிமை வாங்கினார். மொனாப்பலி அதிலிருந்து வந்ததுதான். வாடகை கொடுத்துக் கொடுத்துக் கை காலியாகும்போது ஆடுகிறவருக்கே புரிந்துவிடும்.

இந்த விஷயத்தை ஆட்டமாக்க நினைத்தாயே, அதில் எனக்கு ரொம்பச் சந்தோஷம். அதனால்தான் இவ்வளவு திட்டுகிறேன்.

அச்சகம் இப்போது வேண்டாம். வெள்ளைத் தாளும் பழைய சீட்டுக்கட்டும் போதும். படத்துக்குக் காசு கொடுத்துவிட்டால் அந்தச் சீட்டை நீக்க மனசு வராது. புது விதிகளை எழுதி முடித்ததும் அதை மட்டும் எனக்கு அனுப்பு. கூட விளக்கக் கடிதம் வைக்காதே.