அப்பாவிடம் வராத வெட்கம்

கேள்வி: எனக்கு ஊர் வன்னியில் கிளிநொச்சிப் பக்கம் முரசுமோட்டை. இப்போது மெல்பேர்ணில் படிக்கிறேன். என்னோடு சேர்ந்து வீடு எடுத்த அண்ணா சிட்னிக்குப் போய்விட்டார். அவருடைய அறைக்கு இரண்டு பெடியள் வந்திருக்கிறார்கள். சாப்பிட்ட கோப்பை கழுவுவதில்லை. இரவு ஒரு மணிக்கும் போனில் சத்தம். குளியலறையைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கணக்கு என் பேரில் என்பதால் மூன்று மாதமாகக் கரண்ட் பில்லும் நான்தான் கட்டுகிறேன். எங்கட ஆக்களிட்டக் காசு கேட்க ஒரு மாதிரி இருக்கு. போன மாதம் கை இறுகி அப்பாவிடம் கேட்டேன், வயல் உழுகிற லான்ட்மாஸ்டரை (இரண்டு சில்லு உழவு இயந்திரம்) விற்றுவிட்டுக் காசு அனுப்பினார். இவர்களோடு ஒற்றுமையாக இருப்பது எப்படி?

பதில்: தம்பி, கோப்பை கழுவாத கதை இந்தப் பக்கத்துக்கு ஓயாமல் வருகிறது. அதை விடும். போகிற போக்கில் கடைசியில் ஒன்று எழுதியிருக்கிறீரே, அதைத் திரும்ப வாசியும். ஒரே குசினியில் சமைக்கிற இரண்டு பெடியளிடம் கேட்க ‘ஒரு மாதிரி’ இருந்தது. அப்பாவிடம் கேட்க அப்படி இருக்கவில்லை.

காலபோகம், மாரி மழையை நம்பிச் செய்கிற நெல் விதைப்பு, வருகிறது. புரட்டாதியில் அவர் எதைக் கொண்டு உழுவார்? வாடகைக்கு இயந்திரம் பிடிக்க வேண்டும். முதல் மழையைப் பார்த்து ஊரே ஒரு கிழமையில் உழவுக்கு ஆள் தேடும். இயந்திரம் வைத்திருந்த மனிசன் மற்றவனுடைய முறை முடியும்வரை வரம்பில் நிற்பார். இதை அவர் உமக்குச் சொல்லமாட்டார். வன்னியில் எந்தத் தகப்பன் சொல்லியிருக்கிறார்? அவருடைய காசில் இரண்டு பேருக்கு ஹீற்றர் போட்டுக் கொடுத்துவிட்டு ஒற்றுமை என்று எழுதுகிறீர். அதை நான் கோழைத்தனம் என்பேன்.

இன்றிரவே மூன்று பில்லையும் எடும். ஒவ்வொன்றிலும் எந்தத் திகதியிலிருந்து எந்தத் திகதிவரை என்று இருக்கும். யார் எத்தனை நாள் வீட்டில் இருந்தார் என்று எழுதி, எல்லோருடைய நாட்களையும் கூட்டி, பில் தொகையை அதால் பிரியும். ஒரு பில் 30 நாளுக்கு 312 டொலர், இரண்டு பேர் 30 நாள், ஒருவர் 18 நாள் என்று வையும்: மொத்தம் 78 நாள், ஆள் ஒருவருக்கு நாளுக்கு 4 டொலர். 30 நாள் இருந்த இரண்டு பேருக்கும் தலா 120, மற்றவருக்கு 72. இப்படிக் கணக்குக் காட்டினால் யாரும் வாய் திறக்க இடமில்லை. பில்லின் படத்தோடு வட்ஸ்அப்பில் போட்டு, எந்தத் திகதிக்குள் வேண்டும் என்றும் எழுதும். வாயால் சொன்னது நிற்காது.

பில் ஏன் ஏறியது என்பதையும் பாரும். 2000 வாட் ஹீற்றர் ஒன்று எட்டு மணித்தியாலம் எரிந்தால் 16 யூனிற். அறைக்கு ஒன்று என்றால் சொல்லத் தேவையில்லை. சுவரில் சூடும் தருகிற ஏசி இருந்தால், அதே சூட்டை மூன்றில் ஒரு பங்கு மின்சாரத்தில் தரும்.

இனிமேல் கட்ட முடியாத மாதம் வந்தால் முதலில் மின்சாரக் கம்பனிக்குப் போன் அடியும், ஊருக்கு அல்ல. விக்டோரியாவில் நிலுவையைத் தவணையாகக் கட்ட உதவுவது அவர்களுடைய சட்டக் கடமை. கூட வேலை செய்து ஓட்டையை அடைக்கலாம் என்றும் நினையாதீர். படிப்புக் காலத்தில் மாணவர் விசாவுக்கு இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம்தான்.

அடுத்தது வீட்டு ஒப்பந்தம். அதில் இன்னும் சிட்னி அண்ணாவும் நீரும் மட்டும் என்றால், வாடகை பிந்தினாலும் கதவு உடைந்தாலும் முழுத் தொகையையும் உம்மிடமே கேட்க வீட்டுக்காரருக்கு உரிமை உண்டு. மூன்றில் ஒரு பங்கு என்பது உங்களுக்குள் பேசியது, அவருக்கு அது கணக்கில்லை. அவருடைய எழுத்துமூலச் சம்மதமில்லாமல் ஆள் மாற்றவோ உள்வாடகைக்கு விடவோ முடியாது என்பதால், ஏஜென்டுக்கு இந்தக் கிழமையே ஈமெயில் போடும். வீடு எடுக்கும்போது பிணையாகக் கட்டிய பொண்ட் காசும் அப்படித்தான்: பொண்ட் அதிகாரசபையின் பதிவில் யார் பெயரோ அவருக்குத்தான் திரும்பும். புதியவர்கள் அண்ணாவின் கையில் காசைக் கொடுத்திருந்தால், வீட்டை விடும் நாளில் அவருக்கு இரண்டாம் தரமும் போகும். அவர்கள் உம்முடைய சட்டையைத்தான் பிடிப்பார்கள். பதிவை மாற்ற அண்ணாவும் சம்மதிக்க வேண்டும். அவர் போன் எடுக்கிற காலத்திலேயே செய்வியும்.

கோப்பைக்கு ஒரு வழி: ஆளுக்கு ஒரு கோப்பை, ஒரு கிளாஸ் வெளியில் வைத்துவிட்டு மிச்சத்தை உம்முடைய அறையில் பூட்டும்.

பெடியளிடமிருந்து வருகிற காசு உம்முடையதல்ல. முரசுமோட்டையில் உழவுக்கு ஏக்கருக்கு என்ன கேட்கிறார்கள் என்று அம்மாவிடம் விசாரியும். அப்பாவிடம் கேட்டால் ‘ஒன்றுமில்லை’ என்பார். எத்தனை ஏக்கர் என்பது உமக்குத் தெரியும். பெருக்கி, புரட்டாதி பிறக்க முன் அனுப்பும்.