16 வயதிலும் படுக்கை நனைகிறது... ஹாஸ்டலில் எப்படி இருப்பேன்?

கேள்வி: எனக்கு 16 வயது. நினைவு தெரிந்த நாளிலிருந்து வாரத்தில் மூன்று, நான்கு இரவுகள் தூக்கத்தில் படுக்கையிலேயே சிறுநீர் போய்விடுகிறது. சேர்ந்தாற்போல ஒரு மாதம்கூட நனையாமல் இருந்ததில்லை. பகலில் எந்தத் தொந்தரவும் இல்லை. பயத்தில் மதியத்துக்கு மேல் தண்ணீரே குடிப்பதில்லை. அம்மா ராத்திரி இரண்டு முறை எழுப்பி பாத்ரூம் கூட்டிப்போகிறார். போய்வந்தது காலையில் எனக்கு ஞாபகமே இருப்பதில்லை. அப்பா சோம்பேறித்தனம் என்று திட்டுகிறார். வயதுக்கு வந்தால் சரியாகிவிடும் என்றார்கள், ஆகவில்லை. இரண்டு மாதத்தில் பள்ளியிலிருந்து மூன்று நாள் டூர். அடுத்த வருடம் ஹாஸ்டல். நான் என்ன செய்வது? (பெயர் வெளியிட வேண்டாம்.)

பதில்: அன்பு மகளே,

அப்பா சொன்னதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், உன்னை அதிகம் அறுத்துக்கொண்டிருப்பது அதுதான் என்று தெரிகிறது. தூங்கிக்கொண்டிருக்கும் ஒருவர் சோம்பேறியாக இருக்க முடியாது. இதில் உன் தப்பு எதுவும் இல்லை. மனசு வைத்தால் நின்றுவிடும் விஷயமாக இருந்திருந்தால், நீ என்றைக்கோ நிறுத்தியிருப்பாய்.

உடம்பில் நடப்பது இதுதான். இரவானால் மூளையிலிருந்து வாசோபிரசின் என்ற ஹார்மோன் கூடுதலாகச் சுரந்து, 'இப்போது சிறுநீரைக் குறைத்துக்கொள்' என்று சிறுநீரகத்துக்குச் சொல்லும். சிலருக்கு இந்தச் சுரப்பு இரவில் போதுமான அளவுக்கு ஏறாது, அதனால் பகலைப் போலவே ராத்திரியும் சிறுநீர் ஊறிக்கொண்டே இருக்கும். சிலருக்குச் சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்ததுமே சுருங்கிவிடும், அதிகம் தாங்காது. இந்த இரண்டில் எது இருந்தாலும், கூடவே மூன்றாவது ஒன்றும் இருக்கும்: பை நிறைந்துவிட்டது என்ற சேதி தூங்குகிற மூளையை எழுப்புவதில்லை. எழுந்து நடந்து போய்வந்தும் உனக்கு ஞாபகம் இல்லாமல் போவது இதனால்தான்.

இது பரம்பரையாகவும் வரும். அப்பா, அம்மா இருவருக்கும் சின்ன வயதில் இருந்திருந்தால் பிள்ளைக்கு வர நான்கில் மூன்று பங்கு வாய்ப்பு. ஒருவருக்கு இருந்திருந்தால் 100-க்கு 40-க்கு மேல். அப்பா, அம்மா, சித்தப்பா, அத்தை என்று பெரியவர்களிடம் நேரடியாகவே கேட்டுப் பார். இதை யாரும் தானாக வாய் திறந்து சொல்ல மாட்டார்கள், கேட்டால்தான் வரும். அப்படி ஒரு பதில் வந்தால் வீட்டில் திட்டும் குறையும்.

உன் வயதில் இது அபூர்வமும் இல்லை. பதின்ம வயதில் 100 பேரில் ஒருவர், இருவருக்கு இருக்கிறது. உன் வயதுப் பிள்ளைகள் ஆயிரம் பேர் படிக்கிற பள்ளி என்றால், உன்னைப் போலவே ஒளித்துவைத்துக்கொண்டு பத்துப் பேராவது அங்கே நடமாடுகிறார்கள் என்று அர்த்தம்.

இனி நான் அழுத்திச் சொல்ல விரும்புவது. 'தானாகச் சரியாகிவிடும்' என்பது ஐந்து வயதுக் குழந்தைக்குச் சொல்ல வேண்டிய வார்த்தை. 16 வயதில், வாரத்தில் பாதி நாள் நனைகிற ஒருத்தியிடம் அதைச் சொல்வது அவளைக் கைவிடுவதற்குச் சமம். இந்த அளவுக்கு அடிக்கடி நனைவது பதின்ம வயது வரை நீடித்தால், பலருக்கு அது பெரியவர்களான பிறகும் தொடர்கிறது. இன்னும் ஒரு வருடம் பார்க்கலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதே. இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. இந்த மாதமே டாக்டரிடம் போ. குடும்ப டாக்டரே போதும், தேவைப்பட்டால் அவரே சிறுநீரகவியல் டாக்டரிடம் அனுப்புவார்.

போவதற்கு முன்னால் ஒரு வேலை செய். வெறும் கையோடு போனால் 'எத்தனை நாள், எவ்வளவு' என்ற கேள்விகளிலேயே நேரம் போய்விடும். அளவுக்கோடு போட்ட பிளாஸ்டிக் ஜாடி ஒன்றைப் பாத்ரூமில் வைத்துக்கொள். லீவு நாள் இரண்டில், ஒவ்வொரு முறை சிறுநீர் போகும்போதும் அதில் பிடித்து, நேரத்தையும் மில்லிலிட்டரையும் எழுது. என்ன குடித்தாய், எப்போது குடித்தாய் என்பதையும் எழுது. ஒரு வாரத்துக்கு எந்தெந்த இரவு நனைந்தது, மலம் எப்படிப் போகிறது என்று குறித்துவை. இரவில் பேட் போடுகிறாய் என்றால் படுக்கும் முன்னும் காலையிலும் அதை எடைபோடு. கூடியிருக்கும் ஒவ்வொரு கிராமும் ஏறக்குறைய ஒரு மில்லிலிட்டர். அதோடு ராத்திரி எழுந்து போனதையும், காலையில் முதலில் போகிற சிறுநீரின் அளவையும் கூட்டினால், ராத்திரி முழுக்க உன் உடம்பு எவ்வளவு சுரந்தது என்பது தெரிந்துவிடும். உன் வயதில் சிறுநீர்ப்பை ஒரு தடவைக்குச் சுமார் 400 மில்லி தாங்க வேண்டும். பகலில் அந்த அளவு போகிறாய், இரவில்தான் எக்கச்சக்கம் என்றால் அது ஹார்மோன் சம்பந்தப்பட்டது. பகலிலேயே 150, 200-க்கு மேல் தாண்டவில்லை என்றால் பையைக் கவனிக்க வேண்டும். எந்த மருந்து என்று டாக்டர் முடிவெடுக்க இந்த நோட்டு பெரிய உதவி.

மதியத்துக்கு மேல் தண்ணீர் குடிக்காமல் இருப்பதை இன்றைக்கே நிறுத்து. தண்ணீர் குறைந்தால் சிறுநீர் கெட்டியாகிப் பையை உறுத்தும், மலச்சிக்கல் வரும், குறைவாகத் தாங்கவே பை பழகிப்போகும். நாள் முழுக்க ஒன்றரையிலிருந்து இரண்டரை லிட்டர் வரை உனக்கு வேண்டும். அதில் பெரும்பங்கைக் காலையிலும் மதியத்திலும் முடித்துவிட்டு, சாயங்காலத்துக்குக் கொஞ்சமாக வைத்துக்கொள். காபி, டீ, கோலா மாலைக்கு மேல் வேண்டாம். பள்ளியில் அடக்கிவைக்காமல் இரண்டு, மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை போய்வா. மலச்சிக்கல் இருந்தால் அதை முதலில் சரிபண்ண வேண்டும். நிறைந்த குடல் பக்கத்திலிருக்கும் பையை நெருக்கும், அதைச் சரிசெய்ததிலேயே நனைவது குறைந்தவர்கள் உண்டு.

அம்மா எழுப்பிவிடுவது அன்புதான், ஆனால் அதனால் நோய் தீராது. அந்த இரவு படுக்கை நனையாது, அவ்வளவுதான். அரைத்தூக்கத்தில் போய்வருவதால் மூளை எதையும் கற்றுக்கொள்வதில்லை. அந்த உழைப்பை அலாரத்துக்குத் திருப்பலாம்.

இது உள்ளாடையில் மாட்டுகிற சின்ன கருவி. முதல் சொட்டு ஈரம் பட்டதும் சத்தம் போடும், இல்லை அதிரும். கொஞ்சம் கொஞ்சமாக, அலாரத்துக்கு முன்னாலேயே விழித்துக்கொள்ள மூளை பழகிவிடுகிறது. விடாமல் செய்கிறவர்களில் மூன்றில் இரண்டு பேருக்குப் பலன் கிடைக்கிறது. நிறுத்திய பிறகும் பலருக்குப் பலன் நிலைக்கிறது என்பதால் எனக்கு இதன் மேல்தான் நம்பிக்கை அதிகம். ஆனால் பொறுமை வேண்டும். முதல் வாரங்களில் வீடே விழித்துக்கொள்ளும், உனக்கு மட்டும் கேட்காது. அப்போது அம்மா உன்னை நன்றாக எழுப்ப வேண்டும். நீதான் உன் கையால் அலாரத்தை நிறுத்த வேண்டும், பாத்ரூம் போய் மீதியை முடிக்க வேண்டும், உடை மாற்றி மறுபடி மாட்டிக்கொண்டு படுக்க வேண்டும். முன்னேற்றம் முதலில் சின்னச் சின்னதாகத்தான் தெரியும்: நனைகிற இடம் சுருங்கும், நனைகிற நேரம் விடியலை நோக்கி நகரும். தொடர்ந்து 14 இரவுகள் நனையாமல் இருக்கும்வரை விடக்கூடாது. பெரும்பாலும் இரண்டு, மூன்று மாதம் ஆகும். ஆறு வாரம் போட்டும் எந்த மாற்றமும் இல்லையென்றால் டாக்டரிடம் சொல்.

மாத்திரை என்றால் முதலில் டெஸ்மோபிரசின். வாசோபிரசினுடைய வேலையைச் செய்யும் மருந்து. படுப்பதற்கு முன் போட்டால் அன்றைக்கு இரவு சிறுநீர் குறைவாக ஊறும். பத்தில் மூன்று பேருக்குப் படுக்கை நனைவது முழுசாக நின்றுவிடும், இன்னும் நான்கு பேருக்கு ஓரளவு குறையும். போடுகிறவரை கேட்கும், நிறுத்தினால் பலருக்குத் திரும்ப வரும். இதில் ஒரு விதியை மீறவே கூடாது: மாத்திரைக்கு ஒரு மணி நேரம் முன்னாலிருந்து அடுத்த எட்டு மணி நேரத்துக்குத் தண்ணீர் குடிக்கக்கூடாது, தொண்டை நனைய ஒரு வாய் வேண்டுமானால் சரி. மீறினால் ரத்தத்தில் சோடியம் இறங்கி, தலைவலி, வாந்தியில் ஆரம்பித்து வலிப்பு வரைக்கும் போகலாம். காய்ச்சல், வயிற்றுப்போக்கு, வாந்தி இருக்கும் நாளில் போடாதே. நேற்று கேட்கவில்லையே என்று இன்று இரண்டாகவும் போடாதே. பை சீக்கிரம் சுருங்கும் பிரச்சினை இருந்தால் அதைத் தளர்த்தும் வேறு மருந்துகளும் உண்டு, டாக்டர் சேர்த்துத் தருவார்.

இதைப் படிக்கும் வேறு பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. ஆறு மாதத்துக்கு மேல் நனையாமல் இருந்துவிட்டு இப்போது புதிதாக ஆரம்பித்திருந்தால், அது வேறு கதை. கூடவே அடங்காத தாகம், உடம்பு இளைப்பது இருந்தால் சர்க்கரை நோயா என்று அன்றைக்கே பார்க்க வேண்டும். சிறுநீர் போகும்போது எரிச்சல், பகலிலும் கசிவு, தெரியாமல் மலம் போவது, கால் பலவீனம், பலத்த குறட்டையும் தூக்கத்தில் மூச்சுத் திணறலும், இவற்றில் எது இருந்தாலும் தள்ளிப்போட வேண்டாம். எதுவுமே இல்லாமல் திடீரென்று ஆரம்பித்திருந்தால், பிள்ளையின் மனசை ஏதாவது வாட்டுகிறதா, யாராவது துன்புறுத்துகிறார்களா என்று மெதுவாகக் கேளுங்கள்.

அப்பாவுக்கும் சொல்கிறேன். ஐயா, திட்டு இதுவரை ஒரு பிள்ளைக்கும் இதைக் குணப்படுத்தியதில்லை. அவள் தூங்கவே பயப்படுகிறாள். டாக்டரிடம் நீங்களும் கூடப் போங்கள்.

சரி, டூருக்கு வருகிறேன். கட்டாயம் போ. அலாரம் பலன் தர இரண்டு மாதம் போதாமல் போகலாம், ஆனால் டெஸ்மோபிரசின் கேட்கிற உடம்பு என்றால் சீக்கிரமே தெரிந்துவிடும். டாக்டரிடம் இந்தத் தேதியைச் சொல்லி, சரியான அளவு தெரியும்வரை வீட்டிலேயே சில வாரம் போட்டுப் பார்த்துவிடு. முதல் மாத்திரையை டூரில் போடாதே. உறிஞ்சும் உள்ளாடைகள் சாதாரண உள்ளாடை போலவே இருக்கின்றன, கறுப்பு பேன்டுக்குள் தெரியாது. கெட்டியான பிளாஸ்டிக் பை இரண்டு, ஒரு மாற்றுடை, ஈரத்துணி பாக்கெட், இவ்வளவும் ஒரு சின்னப் பைக்குள் அடங்கும். நம்பிக்கையான ஆசிரியை ஒருவரிடம் அம்மாவை முன்னாலேயே பேசச் சொல், படுக்கும் முன்பும் விடியலிலும் பாத்ரூம் போக வழி செய்துதருவார்.

ஹாஸ்டலுக்கு இன்னும் ஒரு வருடம் இருக்கிறது, சிகிச்சைக்கு அது தாராளமான காலம். அதுவரை வீட்டில் படுக்கையை இரண்டு அடுக்காகப் போடு: நீர் புகாத விரிப்பு, மேலே பெட்ஷீட், அதற்கு மேல் மறுபடி நீர் புகாத விரிப்பு, மறுபடி பெட்ஷீட். ராத்திரி நனைந்தால் மேல் இரண்டையும் உருவிப் போட்டுவிட்டு விளக்குகூடப் போடாமல் படுத்துவிடலாம். காலையில் ஒரு குளியல் போட்டால் வாடை எதுவும் இருக்காது. அலாரம் போட ஆரம்பித்து ஒரு மாதம் ஆனதும் எனக்கு எழுது, எப்படிப் போகிறது என்று பார்க்கலாம்.