பேரங்காடிக் கோலத்திலிருந்து பால் மரம் வரை: முதியோர் ஓவிய வகுப்பு கேள்வி பதில்

கோலாலம்பூர் செந்தூலில் ஒரு முதியோர் மையத்தில் சனிக்கிழமைதோறும் ஓவியம் சொல்லித் தருகிறேன். தமிழ்ப்பள்ளி வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் ஆரம்பித்தது, ஒன்பது வருஷமாகிவிட்டது. இந்த வாரம் வந்த கேள்விகளில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

கெப்போங்கிலிருந்து ஒரு மகள்: டீச்சர், அம்மாவுக்கு 74. வகுப்புக்குக் கூப்பிட்டால், "இந்த வயசுல எனக்கென்ன படம்"னு வர மாட்டேங்கிறாங்க.

ஓவிய வகுப்பு என்றே சொல்லாதீர்கள். கோலம் போட ஆள் வேண்டுமாம் என்று கூட்டி வாருங்கள். அறுபது வருஷம் வாசலில் புள்ளி வைத்த கைக்கு அளவும் இடைவெளியும் யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. தீபாவளிக்குப் பேரங்காடியில் சாய அரிசியில் போடுகிறார்களே, அதையே முதல் நாள் ஒரு தட்டில் சின்னதாகப் போட வைப்பேன். தூரிகை பிறகு தானாக வரும். அமெரிக்காவில் கிராண்ட்மா மோசஸ் என்று ஒரு பாட்டி, மூட்டுவலியால் எம்பிராய்டரி ஊசியைப் பிடிக்க முடியாமல் போனதும் எழுபது தாண்டித்தான் முழுமூச்சாகப் படம் வரைய உட்கார்ந்தார், 101 வயது வரை வாழ்ந்தார். இதை அம்மாவிடம் சொல்லிப் பிரயோசனமில்லை, "வெள்ளைக்காரிக்கென்ன" என்பார். உங்கள் தைரியத்துக்குச் சொன்னேன்.

பிரிக்பீல்ட்ஸ்: அப்பாவுக்குப் பார்க்கின்சன். கை நடுக்கத்தில் பிரஷ் நழுவுது. என்ன செய்யலாம்?

ஏர்கோன் குழாய்க்குப் போடுவார்களே கறுப்பு ஸ்பாஞ்சு உறை, அதை ஹார்டுவேர் கடையில் வாங்கி நாலு விரல் நீளத்துக்கு வெட்டி, பிரஷ் காம்பில் மாட்டுங்கள். பிடி தடித்தால் விரலை இறுக்க வேண்டியதில்லை. தாளின் நாலு பக்கமும் டேப் ஒட்டுங்கள், முழங்கை மேசையில் ஊன்றியிருக்கட்டும். மருந்து நன்றாக வேலை செய்யும் நேரமாகப் பார்த்து உட்கார வையுங்கள், அது அவருக்கே தெரியும். மெல்லிய பிரஷ்ஷை ஒளித்துவிட்டு அகலமானதைக் கொடுங்கள்.

எங்கள் வகுப்பில் ஓர் ஐயா, பழைய தோட்டத்துக்காரர், பால் மரம் (ரப்பர் மரம்) ஒன்று வரைந்தார். கோடெல்லாம் நடுங்கியிருந்தது. மரப்பட்டை அப்படித்தானே இருக்கும்! நேர்க்கோட்டில் போட்டிருந்தால் தந்திக்கம்பம் மாதிரி இருந்திருக்கும்.

பத்துமலை: பாட்டி எல்லாப் படத்தையும் பழுப்பாகவே தீட்டுறாங்க. மனசு சரியில்லையோ?

மனசுக்குப் போகுமுன் கண்ணைப் பாருங்கள். கண்புரை வந்தால் விழியின் லென்ஸ் மஞ்சளாகி, நீலம் மங்கும். ஓவியர் மோனேக்கு 1912இல் கண்புரை என்று தெரிந்தது, 1923இல்தான் அறுவை செய்துகொண்டார். இடைப்பட்ட காலத்துப் படங்கள் சிலவற்றில் செம்பழுப்பு அப்பிக் கிடக்கும். கண் டாக்டரிடம் காட்டுங்கள். அதுவரை டியூப் மேல் நிறத்தின் பெயரைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். வெள்ளைக் கோப்பையை வரையச் சொன்னால் கீழே கருந்துணி விரியுங்கள். பளபளக்கும் பிளாஸ்டிக் மேசைவிரிப்பு வேண்டாம், கண் கூசும்.

சிகாம்புட்: எந்தப் பெயிண்ட் வாங்கலாம்?

நீர்வண்ணம். தாள் 300 கிராம் கனம் என்று கேட்டு வாங்குங்கள், மெல்லியது நனைந்ததும் அப்பளமாகிவிடும். எண்ணெய் வண்ணம் வேண்டாம், கதவடைத்த ஏர்கோன் அறையில் டர்பன்டைன் வாடை ஆஸ்துமாக்காரர்களுக்கு ஆகாது.

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தொண்டூழியர்: எங்கள் மையத்தில் பாத்தேக் (துணியில் மெழுகுக் கோடு போட்டுச் சாயம் தீட்டுவது) செய்யலாமா?

செய்யலாம், ஆனால் கொதிக்கிற மெழுகு முதியவர் கைக்குப் போகக்கூடாது. முதல்நாள் இரவே வீட்டில் நான் சாந்திங்கால் (மெழுகு ஊற்றிக் கோடு போடும் மூக்குள்ள கருவி) மெழுகுக் கோடு போட்டு வைத்துவிடுவேன். காய்ந்த துணியில் அவர்கள் சாயம் மட்டும் தீட்டுவார்கள், மெழுகுக் கோடு தாண்டி நிறம் ஓடாது. இன்னொன்று, பிரஷ் கழுவும் தண்ணீரை டீ மக்கில் வைக்காதீர்கள். முதல் வருஷம் நான் வைத்தேன், ஓர் ஐயா தே-ஓ (பாலில்லாத தேநீர்) என்று நினைத்து ஒரு வாய் குடித்துவிட்டார். அவருக்கு ஒன்றும் ஆகவில்லை, எனக்குத்தான் உயிர் போய் வந்தது. அன்றிலிருந்து ஐஸ்கிரீம் டப்பாதான்.

செராஸ்: மறதி நோய் உள்ள பாட்டிக்கு இதெல்லாம் சரிவருமா? வரைந்ததையே திரும்பத் திரும்ப வரையறாங்க.

வரையட்டுமே. "இது என்ன பாட்டி?" என்று மட்டும் கேட்காதீர்கள், பரீட்சை மாதிரி ஆகிவிடும், பதில் வராதபோது முகம் சுருங்கும். பொம்மைப் படக் கலரிங் புத்தகமும் வேண்டாம், அவர் குழந்தையில்லை. ஒரு பாட்டி வாரக்கணக்கில் ஒரு வட்டத்தையே வரைந்தார். அது பால் மங்கு, அதாவது ரப்பர் பால் வடியும் கிண்ணம், என்று எனக்குப் புரியவே நாளாயிற்று. "காலையில பெரட்டு எத்தனை மணிக்கு?" என்றேன். பெரட்டு என்றால் தோட்டத்தில் வேலைக்கு ஆள் கணக்கெடுப்பது. இருட்டில் எழுந்தது, லயத்து (தோட்டத் தொழிலாளர் வீட்டு வரிசை) வாசலில் அடுப்பு, யார் மரத்தில் பால் அதிகம் என்று அரைமணி நேரம் பேசினார். என் பெயர் அவருக்கு இன்றுவரை தெரியாது.

ராவாங்: கண்காட்சிக்கு வைக்குமுன் படத்தைக் கொஞ்சம் திருத்தலாமா?

கூடாது. ஒருமுறை நான் லயத்துக் கூரை ஒன்றை நிமிர்த்தி விட்டேன். வரைந்த அம்மா பார்த்துவிட்டு, "இது யாரோடது?" என்றார். வீட்டுக்கு எடுத்துப்போகவே இல்லை. என் அலமாரியில்தான் கிடக்கிறது.

அதே ராவாங்: எல்லாரையும் ஒருநாள் வெளியே கூட்டிப் போக?

பாலாய் செனி நெகாரா. கோலாலம்பூரில் இருக்கும், 1958இல் தொடங்கிய தேசியக் கலைக்கூடம். மூன்று நாலு படம் போதும், ஒவ்வொன்றின் முன்னும் நாற்காலி போட்டு உட்கார வையுங்கள். ஸ்வெட்டர் எடுத்துவரச் சொல்லுங்கள், உள்ளே குளிரும்.