குழாயடியோடு முடியாத ஆய்வு

அன்புள்ள ஐயா,

வங்கதேசத்தின் காக்ஸ் பஜாரில் உள்ள ரோஹிங்கியா முகாம்களுக்குத் தொண்டுப் பணிக்காகச் செல்லவிருக்கிறேன். தண்ணீர் நிலையங்களைப் பார்த்துப் படிவத்தில் ஆம், இல்லை என்று குறிப்பதுதான் வேலையாம். பொறியாளர் அல்லாத என்னால் அங்கே யாருக்கும் பயன் உண்டா?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நிச்சயமாக உண்டு. 2017 ஆகஸ்டு இறுதி முதல் சில மாதங்களுக்குள் ஏழு லட்சத்துக்கும் அதிகமான ரோஹிங்கியா மக்கள் மியான்மரிலிருந்து எல்லை கடந்து வந்தபோது, அங்குள்ள குட்டுப்பாலோங் முகாமின் குன்றுச் சரிவுகளில் அவசரமாக இறக்கப்பட்ட ஆழமில்லாத அடிபம்புகள் பல, கழிப்பறைக் குழிகளை ஒட்டியே அமைந்துவிட்டன. இரண்டுக்கும் இடையே குறைந்தது 30 மீட்டர் இருக்க வேண்டும் என்பது பேரிடர்ப் பணிகளில் பொதுவாகக் கொள்ளும் அளவு. சிமென்ட் மேடையில் விரிசல் உண்டா, சிந்தும் நீர் வடிந்து போகிறதா, மேட்டுப்பக்கம் கழிப்பறை இருக்கிறதா என்று படிவம் கேட்பதெல்லாம், மலக்கிருமி குடிநீரில் புகும் வழிகளைத்தான். அவற்றைக் கண்டுபிடிக்கப் பட்டம் வேண்டாம். குனிந்து பார்க்கும் பொறுமை போதும். வாஷர் தேய்ந்த பம்பில் தண்ணீர் ஏறாதபோது மேலே ஒரு குவளை நீரை ஊற்றி அடிப்பார்கள். அந்த நீரை எங்கே மொண்டார்கள் என்று பாருங்கள். பள்ளத்தில் தேங்கிய நீர் என்றால், எவ்வளவு நல்ல கிணறாக இருந்தும் பயனில்லை.

குளோரின் கலந்து குழாயில் விடும் நிலையங்களில், சோதனைக் குழலில் பிடித்த நீரில், குளோரினைக் காட்டிக்கொடுக்கும் டிபிடி மாத்திரையைப் போட்டதும் அது இளஞ்சிவப்பாக மாறும். லிட்டருக்கு 0.2 முதல் 0.5 மில்லிகிராம் வரை எஞ்சிய குளோரின் காட்டினால் குழாயடியில் குறையில்லை என்று எழுதிவிடலாம். ஆனால் மக்கள் குடிப்பது குழாயடியில் அல்ல. குடத்தின் உட்புற அழுக்கும், மொள்ளும் கையும், கழியும் நேரமும் சேர்ந்து சில மணி நேரத்தில் அந்தக் குளோரினைத் தீர்த்துவிடக்கூடும். ஆகவே, அனுமதி பெற்றுச் சில குடிசைகளுக்குள் சென்று, காலையில் பிடித்த தண்ணீரை மாலையில் சோதியுங்கள். அளவைக் கூட்டிவிட்டால் தீர்ந்தது என்றும் எண்ண வேண்டாம். வாடை பிடிக்காதவர்கள் பழைய அடிபம்புக்கே திரும்பிவிடுவார்கள்.

இங்கேதான் நீங்கள் பெண் என்பது பெரிய துணை. ரோஹிங்கியா குடும்பங்கள் பலவற்றில் பெண்கள் அந்நிய ஆண்கள் முன் வராத கோஷா வழக்கம் இருப்பதால், வெளியாள் ஆண்களிடம் பெண்கள் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். குழாய்க்கு 250 பேர் என்ற கணக்கு ஏட்டில் சரியாக இருக்கலாம். ஆனால் தண்ணீர் எந்த நேரத்தில் திறக்கிறது, இருட்டில் போக அஞ்சி யார் பிடிக்காமலே இருந்துவிடுகிறார்கள் என்பதை அவர்கள்தான் சொல்ல முடியும். சிட்டகாங் பகுதி வங்காளமும் ரோஹிங்கியா மொழியும் நெருங்கியவை என்பதால், உள்ளூர்ப் பெண் தொண்டர் ஒருவரை உடன் அழைத்துச் செல்லுங்கள். கண்ட குறையை அலுவலகத்துக்கு அனுப்புவதற்கு முன், அந்தப் பம்பைப் பார்த்துக்கொள்பவரிடமே சொல்லி, யார் எப்போது சரிசெய்வார் என்பதையும் படிவத்தின் ஓரத்தில் எழுதி வாருங்கள்.

அன்புடன்