செத்த பால்படீன் திரும்பியதை ஏன் திட்டுகிறார்கள்? டார்த் மால் திரும்பியதை மட்டும் ஏன் ஏற்றுக்கொண்டார்கள்?

கேள்வி இது: "ஸ்டார் வார்ஸில் 1983லேயே செத்துப்போன பேரரசன் பால்படீன் 2019 படத்தில் திரும்பி வந்ததை ரசிகர்கள் இன்னும் விடாமல் திட்டுகிறார்கள். இடுப்போடு இரண்டாக வெட்டுப்பட்ட டார்த் மால் திரும்பி வந்தபோது அதே ரசிகர்கள் கொண்டாடினார்கள். இரண்டும் ஒரே ஏமாற்று வேலைதானே?"

ஒரே வேலை இல்லை. (கதை முழுவதும் கீழே வெளிப்படும். பார்க்காதவர்கள் பார்த்துவிட்டு வந்து படியுங்கள்.)

பால்படீன் விஷயத்தில் எல்லாரும் முதலில் சொல்வது, "எப்படிப் பிழைத்தான் என்று படம் விளக்கவே இல்லை" என்பது. குறை உண்மைதான். 'ரிட்டர்ன் ஆஃப் தி ஜெடை'யின் முடிவில் அவனுடைய சீடனான வேடர், தன் மகன் லூக்கைக் காப்பாற்ற, அவனைத் தூக்கி டேத் ஸ்டார் என்ற ராட்சத விண்நிலையத்தின் உலைக்குழிக்குள் எறிகிறார். கீழே நீல ஒளியோடு அவன் வெடித்துச் சிதறுகிறான். சற்று நேரத்தில் அந்த டேத் ஸ்டாரே வெடித்துப்போகிறது. அதற்கு மேல் ஒருவனைக் கொல்ல முடியாது. 36 ஆண்டு கழித்து வந்த 'தி ரைஸ் ஆஃப் ஸ்கைவாக்கர்' இதற்குத் தந்த விளக்கம் இரண்டே வரி. "எப்படியோ பால்படீன் திரும்பிவிட்டான்" என்கிறான் போ என்ற விமானி. இருண்ட அறிவியல், குளோனிங், சித்துகள் (பால்படீனைப் போன்ற இருண்ட சக்தியாளர்கள்) மட்டுமே அறிந்த ரகசியங்கள் என்று பக்கத்தில் இருப்பவர் அடுக்குகிறார். அவ்வளவுதான்.

ஆனால் விளக்கம் இல்லாததுதான் கோபத்துக்கு வேர் என்றால், மால் கதையைத் தூக்கி எறிந்திருக்க வேண்டும். 1999 படத்தில் ஜெடை வீரர் ஓபிவான் அவனை இரண்டாக வெட்டி ஆழக் குழியில் விழவைக்கிறார். 2012 மார்ச்சில் 'தி க்ளோன் வார்ஸ்' தொடரின் 4ஆம் சீசன் முடியும்போது அவன் லோத்தோ மைனர் என்ற குப்பைக் கிரகத்தின் குகையில் கிடக்கிறான். இடுப்புக்குக் கீழே பழைய இரும்பைச் சேர்த்துக் கட்டிய சிலந்திக் கால்கள், மூளை கலங்கிய புலம்பல். உடம்பில் பாதி இல்லாதவன் பத்தாண்டுக்கு மேல் எப்படி உயிரோடு இருந்தான்? வெறுப்பு அவனை வாழவைத்தது, அவ்வளவுதான் பதில். தர்க்கம் என்று பார்த்தால் பால்படீனின் குளோன் உடலே இதைவிடப் பலமான விளக்கம்.

'ஸ்டார் ட்ரெக்' என்ற வேறொரு தொடரின் வில்லன் கானையும் பாருங்கள். 1967இல் 'ஸ்பேஸ் சீட்' என்ற எபிசோடில் வந்தவன், 15 ஆண்டு கழித்து 1982 படத்தில் திரும்புகிறான். வந்தவுடன் விண்கப்பல் அதிகாரி செக்கோவைப் பார்த்து, "முகத்தை நான் மறப்பதில்லை" என்கிறான். செக்கோவாக நடித்த வால்டர் கோனிக் தொடரில் சேர்ந்ததோ 2ஆம் சீசனில். கான் வந்தது முதல் சீசன். திரையில் இருவரும் சந்தித்ததே இல்லை. பச்சையான தவறு, ரசிகர்கள் எல்லாருக்கும் தெரியும், யாரும் படத்தை வெறுக்கவில்லை.

ஆகவே பிழைத்த வழி இரண்டாம்பட்சம். திரும்பி வரும் வில்லனுக்கு எதிரில், அவனோடு பழைய கணக்கு உள்ள ஒருவர் உயிரோடு நிற்கிறாரா என்பதுதான் இதில் முதல் கேள்வி.

மாலுக்கு ஓபிவான் இருந்தார். அவருடைய குருவைக் கொன்றவன் அவன், அவனை வெட்டியவர் அவர். திரும்பி வந்ததும் மால் அப்பாவிகளைக் கொன்று ஓபிவானை வரவழைக்கிறான். 5ஆம் சீசனில் 'தி லாலெஸ்' எபிசோடில் அவர் மனதுக்கு நெருக்கமான சதீனை அவர் கண்ணெதிரேயே குத்துகிறான். கணக்கு வட்டியோடு ஏறிக்கொண்டே போகிறது. 2017 மார்ச்சில் 'ரெபெல்ஸ்' தொடரின் 'ட்வின் சன்ஸ்' எபிசோடில் டாட்டூயின் பாலைவனத்தில் சண்டை சில நொடிகளில் முடிகிறது. 1999இல் ஓபிவானின் குரு குவைகோனை வீழ்த்திய அதே அடியை மால் போடப் பார்க்கிறான், ஓபிவான் அதற்குக் காத்திருக்கிறார். விழுந்தவனைத் தாங்கிப் பிடித்துக்கொள்கிறார். வெறும் சண்டைக்காரனாக, விரல்விட்டு எண்ணும் வரிகள் மட்டும் பேசிச் செத்த ஒருவனுக்கு ஒரு முழு வாழ்க்கை கிடைத்த இடம் அது. முதல் சாவில் அவனிடம் சொல்ல எதுவும் மிச்சம் இருக்கவில்லை என்பதும் உதவியது. அந்தச் சாவை ரத்து செய்ததால் யாருக்கும் எதுவும் குறையவில்லை.

கானுக்கு விண்கப்பல் கேப்டன் கிர்க் இருந்தார். 1967 எபிசோடின் முடிவில் கிர்க்தான் அவனைச் செட்டி ஆல்ஃபா 5 என்ற கிரகத்தில் இறக்கிவிடுகிறார். இங்கே நட்ட விதையில் 100 ஆண்டு கழித்து என்ன முளைத்திருக்கும் என்று பார்த்தால் நன்றாயிருக்கும் என்கிறார் கிர்க்கின் துணை அதிகாரி ஸ்பாக். திரும்பி வருவதற்கான கதவு அன்றே திறந்துவைக்கப்பட்டது. பிறகு பக்கத்துக் கிரகம் வெடித்து அந்த இடம் பாலையாகிறது, கானின் மனைவி சாகிறாள், கிர்க் ஒருநாள்கூட வந்து எட்டிப்பார்க்கவில்லை. 1982 படத்தில் இருவரும் நேருக்கு நேர் ஓர் இடத்தில் நிற்பதே இல்லை, திரை வழியாகத்தான் பேசிக்கொள்கிறார்கள். இருந்தும் அந்தப் பகை தகிக்கிறது.

இதே கானை 2013இல் ஜே.ஜே. ஏப்ரம்ஸ் மறுபடி கொண்டுவந்தார். கால ஓட்டம் மாறிய கதை அது, ஆகவே அந்தக் கிர்க் கானைப் பார்த்ததே கிடையாது. "என் பெயர் கான்" என்று அவன் சொல்லும்போது அதிர்ச்சி அடைய வேண்டியவருக்கு அந்தப் பெயர் புதுசு. அதிர வேண்டியது தியேட்டரில் உட்கார்ந்திருக்கும் நாம் மட்டும். கடைசியில் அவன் யாரென்று கேட்க இளைய ஸ்பாக், பழைய கால ஓட்டத்திலிருந்து வந்த வயதான ஸ்பாக்கைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. 2019 பால்படீனுக்கும் இயக்குநர் அதே ஏப்ரம்ஸ். 2013இல் வில்லன் பெயரை வெளியாகும்வரை மூடிவைத்தார்கள். 2019இல் நேர்மாறு: ஏப்ரல் 12 அன்று சிகாகோவில் நடந்த ஸ்டார் வார்ஸ் ரசிகர் விழாவில் காட்டிய முதல் ட்ரெய்லரின் முடிவிலேயே அந்தச் சிரிப்பு, உடனே இயன் மெக்டயர்மிட் மேடைக்கே வந்து நின்றார். ஒளித்தாலும் தண்டோரா போட்டாலும் பிரச்சினை ஒன்றேதான். கதைக்குள் இருப்பவர்களுக்கு அவன் யாரோ.

அடுத்தது ஏன் அப்படி ஆயிற்று என்பது. இதைப் பேசாமல் திட்டுவது நியாயமில்லை.

பால்படீனோடு கணக்கு உள்ளவர்களை எண்ணிப் பாருங்கள். வேடர் 1983இலேயே போய்விட்டார். லூக் 2017 படத்தின் முடிவில் மறைந்துவிட்டார், 2019இல் ஆவியாகச் சற்று நேரம்தான். லூக்கின் சகோதரி லேயா இருக்கிறார், ஆனால் அவராக நடித்த கேரி ஃபிஷர் 2016 டிசம்பர் 27 அன்றே காலமானார். 2019இல் நாம் பார்க்கும் லேயா பெரும்பாலும் 'தி ஃபோர்ஸ் அவேக்கன்ஸ்' படத்தில் பயன்படாமல் கிடந்த துண்டுகளை ஒட்டி உருவாக்கியது. வேறொரு படத்துக்காக அவர் பேசிய வரிகளைச் சுற்றித்தான் காட்சி எழுத முடியும். தன் கிரகத்தையே அழித்த பேரரசின் தலைவன் உயிரோடு இருக்கிறான் என்று கேட்டதும் லேயாவின் முகம் எப்படி மாறியிருக்கும்? அந்த ஒரு காட்சி படத்தையே தாங்கியிருக்கும். எடுக்க வழியே இல்லை. மிச்சம் ஆர்2-டி2 என்ற ரோபோ. 2005 படத்தில் பால்படீனை மீட்கப் போன கூட்டத்தில் இருந்ததும், நினைவு அழிக்கப்படாததும் அதுதான். அதற்குப் பேச்சு வராது, படமும் அதைப் பயன்படுத்தவில்லை.

எதிரில் யாரும் இல்லாததால் கணக்கைப் புதிதாக எழுத வேண்டியதாயிற்று. புதிய படங்களின் நாயகி ரே அவனுடைய பேத்தி ஆனது அப்படித்தான் என்பது என் கணிப்பு. ஒரு ஓட்டையை அடைக்கப் போய் இன்னொன்று. 2017இல் ரயன் ஜான்சன், ரேவின் பெற்றோர் குடிக்கக் காசுக்காக மகளை விற்ற யாரோ இருவர் என்று வைத்திருந்தார். பெரிய வம்சம் தேவையில்லை, யாருக்குள்ளும் ஃபோர்ஸ் என்ற மாய ஆற்றல் இருக்கலாம் என்ற அந்த எண்ணம் பலருக்கு உயிர். அதையும் பேத்தி உறவு சாய்த்துவிட்டது. அதே 2017இல் புதிய வில்லன் ஸ்னோக்கும் கொல்லப்பட்டதால் பெரிய வில்லனுக்கு இடம் காலி. 2019 படத்தை இயக்க முதலில் ஒப்பந்தமான காலின் ட்ரெவரோ 2017 செப்டம்பரில் விலகினார். 2020 ஜனவரியில் கசிந்த அவருடைய வரைவில் பால்படீன் வேடருக்காக விட்டுப்போன ஒரு ஹோலோகிராம் பதிவாக மட்டுமே வருகிறான். கடைசி எதிரி லேயாவின் மகன் கைலோ ரென். அவனுக்கு ரேவோடு 2 படத்துக் கணக்கு இருந்தது. அந்த வழி சரியானது என்பது என் உறுதியான கருத்து.

தயாரிப்பில் நடந்த இன்னொரு சறுக்கல் அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. படத்தின் தொடக்க எழுத்துகள், விண்மீன் மண்டலம் முழுக்க பால்படீனின் குரல் ஒலித்துவிட்டதாகச் சொல்கின்றன. அந்தக் குரல் படத்தில் இல்லை. டிசம்பர் 14 அன்று ஃபோர்ட்நைட் விளையாட்டுக்குள் நடந்த நிகழ்ச்சியில் ஒலித்தது. படத்துக்கு டிக்கெட் எடுத்தவருக்கு வில்லன் திரும்பிய கணமே கிடைக்கவில்லை. டார்த் மாலைக் குகையில் கண்டுபிடிக்க ஒரு முழு எபிசோடு செலவழித்தார்கள் என்பதோடு இதை ஒப்பிடுங்கள்.

எதிர்த்தரப்பு வாதங்களில் இரண்டு எடை உள்ளவை. ஒன்று, 1991-92இல் வந்த 'டார்க் எம்பயர்' காமிக்ஸிலேயே பால்படீன் குளோன் உடல்களில் திரும்பிவிட்டான், இது புதுசில்லை என்பது. சரி, ஆனால் அங்கே எதிரில் நின்றது லூக். அவரே இருளின் பக்கம் போய்த் திரும்புகிறார். கணக்கு உள்ளவர் இருந்ததால்தான் அந்தக் கதை நின்றது.

இன்னொன்று இன்னும் வலுவானது. வேடர் செய்த தியாகம் மகனைக் காப்பாற்ற, பேரரசனை ஒழிக்க அல்ல. மகன் பிழைத்தான், ஆகவே தியாகம் வீணாகவில்லை. இதை நான் பாதி ஒப்புக்கொள்கிறேன். ஜய விஜயர் கதை தெரிந்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். இரணியனே ராவணனாகவும் சிசுபாலனாகவும் திரும்பி வருகிறான், ஆனால் காப்பாற்றப்பட்ட பிரகலாதன் காப்பாற்றப்பட்டவன்தான். மூன்று பிறவி என்ற சாபமும் நமக்கு முன்பே தெரியும். அனகினுக்கோ (வேடரின் இயற்பெயர்) வேறொரு பொறுப்பும் சுமத்தப்பட்டிருந்தது. சித்துகளை ஒழித்துச் சமநிலை கொண்டுவருவான் என்ற தீர்க்கதரிசனம். எழுதியவர்களுக்கே இது உறுத்தியிருக்க வேண்டும். இறுதிச் சண்டை நடக்கும் எக்ஸகோல் கிரகத்தில் விழுந்து கிடக்கும் ரேவுக்குக் கேட்கும் குரல்களில் அனகினுடையதும் ஒன்று: நான் செய்ததுபோல நீயும் சமநிலையைக் கொண்டுவா. 6 படங்களில் சேர்ந்த கடனை அடைக்க ஒரு வரி போதவில்லை.

முடிவில் ஒரு தர்க்க ஓட்டையும் உண்டு. "என்னைக் கொன்றால் என் ஆவி உனக்குள் வந்துவிடும்" என்று மிரட்டியவனை ரே கொல்கிறாள், எதுவும் நடக்கவில்லை. இரண்டு ஒளிவாள்களைக் குறுக்கே பிடித்து அவன் மின்னலையே அவன்மேல் திருப்பினாள், அதாவது அவன் தன் கையாலேயே செத்தான் என்று சமாதானம் சொல்லலாம். நான் அதை ஏற்பேன். ஒரே ஒரு வசனம் சேர்த்திருந்தால் இந்த வாக்குவாதமே இருந்திருக்காது.

விளக்கம் வேண்டும் என்பவர்களுக்கு, பின்னால் வந்த படைப்புகளில் துண்டுதுண்டாக இருக்கிறது. பார்க்கும் வரிசை இப்படி வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 2005 படத்தில் இசையரங்கில் சாவை வெல்லக் கற்ற பிளேகஸ் என்ற சித்து பற்றிப் பால்படீன் சொல்லும் கதை, எல்லாவற்றுக்கும் விதை அதுதான். பிறகு 'தி பேட் பேட்ச்' 3ஆம் சீசனின் முதல் 3 எபிசோடு. டான்டிஸ் மலைக்குள் நடக்கும் 'நெக்ரோமேன்சர்' திட்டத்தைப் பார்வையிடப் பால்படீனே வருகிறான். ஃபோர்ஸ் ஆற்றல் உள்ள ரத்தத்தைக் குளோனுக்குள் ஏற்றினால் நிலைக்காமல் போவதுதான் அங்கே உள்ள சிக்கல். நேரம் இருந்தால் சீசனை முடித்துவிடுங்கள், கடைசியில் அந்தத் திட்டத்தின் பணத்தைப் பேரரசின் அதிகாரி டார்கின் டேத் ஸ்டார் பக்கம் திருப்புகிறார். அடுத்து 'தி மேண்டலோரியன்' 12ஆம் அத்தியாயத்தில் தொட்டிகளில் மிதக்கும் உடல்கள், 23ஆம் அத்தியாயத்தில் அதே திட்டத்தின் பெயர். இதெல்லாம் ஆனபிறகு 2020 மார்ச்சில் வந்த ரே கார்சனின் நாவல் வடிவம். குழிக்குள் விழும்போதே உணர்வைத் தொலைவிலிருந்த குளோன் உடலுக்கு மாற்றிவிட்டான், உடல் முழுமையாகத் தயாராகாததால் அழுகத் தொடங்கியது, ரேவின் அப்பா பால்படீன் சாயலில் உருவாகி ஆற்றல் இல்லாமல் பிறந்த ஒரு தோல்வி என்பதெல்லாம் அதில்தான் இருக்கிறது.

மாலுக்கு இவ்வளவு அலைச்சல் வேண்டாம். 'தி க்ளோன் வார்ஸ்' 4ஆம் சீசனின் கடைசி இரண்டு, 5ஆம் சீசனின் 14 முதல் 16 வரை, 7ஆம் சீசனின் கடைசி நான்கு, பிறகு 'ட்வின் சன்ஸ்'. இடையில் 2018இல் வந்த 'சோலோ' படத்தில் மால் தலைகாட்டுவது இந்தத் தொடர்களைப் பார்க்காதவர்களுக்குப் பெரிய குழப்பமாக இருந்தது. அதை இந்த வரிசையில் 'ட்வின் சன்ஸ்' எபிசோடுக்கு முன்னால் வைத்துப் பார்த்தால் குழப்பம் வராது.