வண்டி கேள்வி பதில்: ஏஜிஎம் பேட்டரியை முழுசாக நிரப்புங்கள்

இந்த மாதம் வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் ஏஜிஎம் பேட்டரி, அதாவது ஆசிட் கண்ணாடி இழைப் பாயில் ஊறியிருக்கும், தண்ணீர் ஊற்றத் தேவையில்லாத பேட்டரி பற்றியவை. அதனால் மற்றவற்றை அடுத்த இதழுக்குத் தள்ளி வைத்திருக்கிறேன். பாளையங்கோட்டையில் என் ஆட்டோ எலக்ட்ரிக்கல் கடைக்குச் செத்துப்போய் வருகிற ஏஜிஎம் பேட்டரிகளில் பல, உழைத்துத் தேய்ந்தவை அல்ல. முழுச் சார்ஜ் ஒருநாளும் ஏறாமல் கிடந்தே கெட்டவை. சாதாரண பேட்டரியைவிடக் கூடுதலாகக் காசு கொடுத்து வாங்கிய பொருள் இப்படிப் போவதைப் பார்க்க மனசு கேட்கவில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

அண்ணாச்சி, மகன் துபாயில் இருக்கிறான். அவனுடைய கார் எங்கள் வீட்டு ஷெட்டில் நிற்கிறது. சிக்னலில் தானே அணைந்து தானே ஓடுகிற மாடல். ஞாயிற்றுக்கிழமை தோறும் பத்து நிமிஷம் ஸ்டார்ட் செய்து வைக்கிறேன். அப்படியும் பேட்டரி இறங்கிவிடுகிறது. ஏன்? — ஓய்வுபெற்ற ஆசிரியர், கல்லிடைக்குறிச்சி

சார், நீங்கள் அக்கறையாகத்தான் செய்கிறீர்கள். ஆனால் அந்தப் பத்து நிமிஷம் போதாது.

பூட்டி நிற்கும் காரும் கரண்ட் குடிக்கும். அலாரம், ரிமோட் சாவிக்காகக் காத்திருக்கும் பகுதி, உள்ளே இருக்கும் கம்ப்யூட்டர்கள் எல்லாம் சேர்ந்து 20 முதல் 50 மில்லி ஆம்பியர் வரை இழுப்பது இயல்பு. 30 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஒரு நாளைக்கு 0.72 ஆம்பியர் ஹவர் (பேட்டரி எவ்வளவு கொள்ளும் என்பதைச் சொல்லும் அளவு), வாரத்துக்கு 5. மாதம் முழுக்க நின்றால் 21க்கு மேல். 70 ஆம்பியர் ஹவர் பேட்டரியில் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு சும்மா நின்றே போய்விட்டது. இதற்கு மேல் கதவைத் திறந்ததும் கம்ப்யூட்டர்கள் விழித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் இழுக்கும். வண்டி நின்றபடி ஐடிலில் ஓடும்போது, எஞ்சின் சுற்றிக் கரண்ட் எடுக்கும் ஆல்டர்னேட்டர் கொடுப்பது குறைவு. அதிலும் ரேடியேட்டர் ஃபேன், ஏசி என்று வண்டி தனக்கு எடுத்துக்கொண்டது போக மிச்சம்தான் பேட்டரிக்கு. வாரம் முழுக்கப் போனது பத்து நிமிஷத்தில் திரும்பி வராது.

இன்னொன்றும் இருக்கிறது. நெல் மூட்டையில் முதல் முக்கால் பாகம் மடமடவென்று விழும், கடைசிக் கால் பாகத்தைக் குலுக்கிக் குலுக்கித்தான் ஏற்ற வேண்டும் இல்லையா, ஈய பேட்டரியும் அப்படித்தான். 80 சதவீதம் வரை வேகமாக வாங்கும். மீதி 20 ஏற மணிக்கணக்கில் ஆகும். அந்தக் கடைசிப் பகுதி ஏறாமலே விட்டால் சார்ஜ் இறங்கும்போது தகட்டில் படிந்த சல்பேட் உப்பு கரையாமல் கெட்டிப்பட்டுவிடும். அப்புறம் அந்த அளவுக்குத் தகடு வேலை செய்யாது. போதாததற்கு உங்கள் மகனுடைய கார் மாதிரி வண்டிகளில் பல, ஓடும்போதும் பேட்டரியை வேண்டுமென்றே நூறு சதவீதத்துக்கு நிரப்புவதில்லை. பிரேக் பிடிக்கும்போது வரும் சக்தியைச் சேமிக்க இடம் விட்டு வைக்கும். அது பெட்ரோலுக்கு நல்லது, மாதக்கணக்கில் நிற்கும் வண்டியின் பேட்டரிக்கு நல்லதல்ல.

ஆகவே ஏஜிஎம் என்று தனி நிலை உள்ள 4 அல்லது 5 ஆம்பியர் ஸ்மார்ட் சார்ஜர் ஒன்று வாங்குங்கள். அது 14.4 முதல் 14.7 வோல்ட் வரை கொண்டுபோய், நிரம்பியதும் தானாகவே 13.5 முதல் 13.8க்கு இறங்கி நிற்கும். ஷெட்டில் பிளக் இருந்தால் மாட்டியே வைக்கலாம். சிவப்புக் கிளிப் பேட்டரியின் பிளஸ்ஸில். கறுப்புக் கிளிப்பை மட்டும் மைனஸ் டெர்மினலில் மாட்டாதீர்கள். அந்த டெர்மினலில் சின்னப் பெட்டி மாதிரி ஒரு சென்சார் இருக்கும். உள்ளே போகிற, வெளியே வருகிற கரண்டை அதுதான் கணக்கு வைக்கிறது. நேராக டெர்மினலில் மாட்டினால் நீங்கள் ஏற்றிய சார்ஜ் அதன் கணக்கில் வராது. வண்டியின் கையேட்டில் காட்டியிருக்கும் எர்த் போல்ட்டில் மாட்டுங்கள்.

சார்ஜர் வேண்டாம் என்றால் பத்து நிமிஷ ஸ்டார்ட்டையும் விட்டுவிட்டு, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திருநெல்வேலி வரை ஓட்டிப் போய் வாருங்கள். சார்ஜர் அளவுக்கு முழுசாக ஏறாது. ஆனால் இப்போது நடப்பதைவிட எவ்வளவோ மேல்.

என் பைக்கில் செல்ஃப் எடுக்கவில்லை, கிக்கரும் கிடையாது. மெக்கானிக் பேட்டரி மூடியை நெம்பி எடுத்து டிஸ்டில்ட் வாட்டர் ஊற்றலாம் என்கிறார். ஊற்றலாமா அண்ணாச்சி? — கல்லூரி மாணவர், மேலப்பாளையம்

வேண்டாம் தம்பி, ஊற்ற விடாதே.

அந்தச் சின்ன பேட்டரியும் ஏஜிஎம் வகைதான். ஆசிட் தளும்பிக்கொண்டு இருக்காது. தகடுகளுக்கு நடுவே மெல்லிய கண்ணாடி இழைப் பாய் வைத்து அதில் ஊறியிருக்கும். அந்தப் பாயை முழுக்க நனைக்காமல் கொஞ்சம் காற்று வழி விட்டுத்தான் செய்கிறார்கள். சார்ஜ் ஏறும்போது பிளஸ் தகட்டில் உண்டாகும் ஆக்சிஜன் அந்த வழியாக மைனஸ் தகட்டுக்குப் போய் மறுபடி தண்ணீராகிவிடும். அதனால்தான் தண்ணீர் ஊற்றும் வேலையே இல்லை. நீ ஊற்றினால் அந்த வழி அடைபடும். மூடியை நெம்பினால், வாயு அதிகமானால் மட்டும் திறக்கும் வால்வும் போச்சு.

2017 ஏப்ரலில் இருந்து வந்த இருசக்கர வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரியும். 2020ல் பிஎஸ்6 புகைக் கட்டுப்பாட்டு விதி வந்தபின் பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன். இரண்டுக்கும் கரண்ட் வேண்டும். பேட்டரி இருப்பதோ 4, 5 ஆம்பியர் ஹவர். மேலப்பாளையத்துக்குள்ளேயே கடைத்தெரு, வீடு என்று சுற்றி, நிறுத்தி நிறுத்திச் செல்ஃப் அடித்தால் அது எப்படி நிரம்பும்? பைக்குக்கு என்று அரை ஆம்பியர் சார்ஜர் விற்கிறது. அதில் ராத்திரி முழுக்க ஏற்று. கார் சார்ஜரில் 10 ஆம்பியரில் வைத்துவிடாதே, சூடேறிவிடும்.

ஏற்றிய பிறகு எஞ்சினைக் கொஞ்சம் முறுக்கி, பேட்டரியில் மல்டிமீட்டர் வைத்துப் பார். 14 முதல் 14.5 வந்தால் சரி. 13ஐத் தாண்டவில்லை என்றாலோ 15ஐத் தாண்டினாலோ கோளாறு வண்டியின் சார்ஜிங்கில் இருக்கிறது, பெரும்பாலும் வோல்ட்டைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டரில். அதைச் சரி செய்யாமல் புது பேட்டரி போட்டால் அதுவும் போகும்.

சார்ஜ் போடக் கொடுத்த ஏஜிஎம் பேட்டரி பக்கவாட்டில் உப்பி, அழுகின முட்டை நாற்றத்தோடு திரும்பி வந்தது. பயன்படுத்தலாமா? — வேன் ஓட்டுநர், திசையன்விளை

கூடாது. வண்டியில் மாட்டவே மாட்டாதீர்கள். அளவுக்கு மிஞ்சிச் சார்ஜ் ஏறி, சூடாகி, உள்ளே வாயு கிளம்பியிருக்கிறது. பழைய பேட்டரியைத் திருப்பி எடுக்கும் டீலரிடம் கொடுத்துவிடுங்கள். ஈயமும் ஆசிட்டும் உள்ள பொருள், தெருவில் காயலான் கடைக்குப் போகக்கூடாது.

நடந்தது என்னவாக இருக்கும் என்று சொல்கிறேன். பல இடங்களில் நாலைந்து பேட்டரியை வரிசையாகக் கோர்த்துப் பழைய சார்ஜரில் ராத்திரி முழுக்க விட்டுவிடுவார்கள். முதலில் நிரம்பியது எதுவோ அதன் வழியாகவும் அதே கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும். தண்ணீர் ஊற்றும் பேட்டரி என்றால் கொதித்துத் தண்ணீர் குறையும், காலையில் ஊற்றிவிடலாம். ஏஜிஎம்மில் வால்வு வழியாகப் போனது போனதுதான். பழைய பேட்டரியை உயிர்ப்பிக்கிறேன் என்று 15.5 வோல்ட்டுக்கு மேல் கொடுக்கும் முறையும் இதற்கு ஆகாது.

நம்ம ஊர் வெயிலையும் கணக்கில் எடுக்க வேண்டும். சார்ஜர் பெட்டியில் எழுதியிருக்கும் வோல்ட் 25 டிகிரிக்கானது. அதற்கு மேல் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறக்குறைய 0.02 வோல்ட் குறைக்க வேண்டும். அக்னி நட்சத்திர நாளில் பேட்டரியே 40 டிகிரியில் இருக்கும்போது 14.7 கொடுப்பது அதிகம், 14.4 போதும். வெப்பத்துக்கு ஏற்பத் தானே குறைத்துக்கொள்ளும் சார்ஜர் கிடைக்கிறது. கொஞ்சம் விலை கூடினாலும் அதையே வாங்கச் சொல்வேன். இல்லாவிட்டால் ராத்திரி வெக்கை தணிந்த பிறகு, நிழலில், காற்றோட்டமான இடத்தில் ஏற்றுங்கள். தொட்டுப் பார்த்துக் கை பொறுக்காத சூடாக இருந்தால் உடனே நிறுத்திவிடுங்கள்.

பேட்டரி நிரம்பியிருக்கிறதா என்று நானே பார்க்க முடியுமா? தினமும் குற்றாலத்துக்கு வேலைக்குக் காரில் போய் வருகிறேன். — வாசகி, தென்காசி

தாராளமாகப் பார்க்கலாம் அக்கா. சாதாரண டிஜிட்டல் மல்டிமீட்டர் போதும். ராத்திரி முழுக்க நின்ற வண்டியில், பானெட்டைத் திறந்தபின் அரை மணி நேரம் விட்டு அளந்து பாருங்கள். 12.8 அல்லது அதற்கு மேல் என்றால் நிரம்பியிருக்கிறது. 12.5 முக்கால். 12.2, 12.3 என்றால் பாதிதான், அன்றைக்கே சார்ஜ் போடுங்கள். வண்டி ஓடி நின்ற உடனே அளந்தால் கூடுதலாகக் காட்டும், அதை நம்ப வேண்டாம்.

உங்கள் வழி ஐந்தாறு கிலோமீட்டர்தான். சாரல் நாட்களில் வைப்பர், ஹெட்லைட், கண்ணாடிப் பனி எடுக்கும் ஹீட்டர் எல்லாம் ஓடும். இவ்வளவு சின்ன ஓட்டத்தில் பேட்டரி ஒருநாளும் நிரம்பாது. மாதம் ஒருமுறையாவது ராத்திரி முழுக்கச் சார்ஜரில் போடுங்கள்.

ஏஜிஎம்முக்குப் பதில் விலை குறைந்த சாதாரண பேட்டரி போட்டால் என்ன? — வாசகர், பணகுடி

சிக்னலில் அணைந்து ஓடும் வண்டியில் போடாதீர்கள், சீக்கிரம் போய்விடும். கம்பெனி எந்த வகை போட்டு அனுப்பியதோ அதையே போடுங்கள். சில கார்களில் புது பேட்டரி மாற்றியதை கம்ப்யூட்டரில் பதிய வேண்டும். பதியாவிட்டால் பழைய பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் கொடுக்கும். மாற்றுகிறவரிடம் இதைக் கேட்டு வாங்குங்கள்.

எங்கள் ஊர்க் கோயில் கொடையில் ராத்திரி முழுக்கக் கார் ஆடியோ ஓடியது. இப்போது பேட்டரியில் 7 வோல்ட். ஸ்மார்ட் சார்ஜர் மாட்டினால் ஏற்கவே மாட்டேன் என்கிறது. தூக்கிப் போட வேண்டியதுதானா? — வாசகர், களக்காடு

அவசரப்படாதீர்கள். இவ்வளவு இறங்கினால் பேட்டரி இருப்பதே பல சார்ஜர்களுக்குத் தெரியாது. பேட்டரியைக் காரிலிருந்து கழற்றுங்கள். நல்ல 12 வோல்ட் பேட்டரி ஒன்றை ஜம்பர் கேபிளால் பிளஸ்ஸோடு பிளஸ், மைனஸோடு மைனஸ் இணைத்து, சார்ஜரை மாட்டுங்கள். நல்ல பேட்டரியின் வோல்ட்டைப் பார்த்துச் சார்ஜர் ஓட ஆரம்பிக்கும். ஒரு மணி நேரம் பக்கத்திலேயே இருந்து சூட்டைக் கவனியுங்கள். உங்கள் பேட்டரி 11ஐத் தாண்டியதும் மற்றதைக் கழற்றிவிட்டுத் தனியாக ஏற்றலாம். 60 ஆம்பியர் ஹவர் என்றால் 6 ஆம்பியர் போதும், முழு நாள் கூட ஆகலாம். ஏறி முடிந்ததும் எதையும் மாட்டாமல் 12 மணி நேரம் வைத்து அளந்து பாருங்கள். 12.7க்கு மேல் நின்றால் காரில் மாட்டி ஓட்டுங்கள். 12.4க்குக் கீழே விழுந்தால் உள்ளே தகடு போய்விட்டது, மாற்றத்தான் வேண்டும். எதுவானாலும் இதை இன்றைக்கே தொடங்குங்கள். 7 வோல்ட்டில் கிடக்கும் ஒவ்வொரு நாளும் சல்பேட் கெட்டிப்பட்டுக்கொண்டே போகும்.