அந்த இரண்டு பேர் இரட்டைத் தெய்வங்கள் அல்ல

வணக்கம். உங்கள் தினாரியஸின், அதாவது பழைய ரோமானிய வெள்ளிக் காசின், பின்பக்கம் நிற்கும் இருவர் இரட்டைத் தெய்வங்களான காஸ்டரும் போலக்ஸுமா என்று கேட்டிருந்தீர்கள். இல்லை. அவர்கள் இருந்தால் பெரும்பாலும் குதிரை மேல்தான் வருவார்கள், தலைக்கு மேல் நட்சத்திரமும் இருக்கும். உங்களுடையதில் இருவரும் டோகா என்ற ரோமானிய மேலாடை அணிந்து நிற்கிறார்கள், நடுவே இரண்டு கேடயம், இரண்டு ஈட்டி. அப்படியானால் இவர்கள் ரோமப் பேரரசர் அகஸ்டஸின் மகள் வயிற்றுப் பேரன்கள் காயஸ், லூசியஸ். கி.மு. 17இல் தாத்தாவே தத்தெடுத்து வாரிசாக வளர்த்த பிள்ளைகள்.

கேடயமும் ஈட்டியும் குதிரைவீரர் வகுப்பினர் அவர்களுக்கு மரியாதையாகத் தந்தவை. மேலே பாருங்கள்: ஒரு சிறு அகப்பை, நுனி வளைந்த ஒரு கோல். அகப்பை காயஸின் குருப் பதவிக்கு, கோல் லூசியஸ் பறவை நிமித்தம் பார்ப்பவர் என்பதற்கு. எனக்கு மிகவும் பிடித்த இடம் இதுதான்; பெயரைப் படிக்கத் தெரியாதவனுக்கும் அடுத்து ஆளப்போவது யார் என்று காசு சொல்லிவிடுகிறது. ஆனால் லூசியஸ் கி.பி. 2இலும் காயஸ் கி.பி. 4இலும் இறந்துபோனார்கள்.

கோவை வட்டாரப் புதையல்களில் இந்த வகை நிறையக் கிடைத்திருக்கிறது. எடை 3.8 கிராம் அளவில் இருக்க வேண்டும். ஓரத்தில் செம்பு தெரிகிறதா என்றும் பாருங்கள், தெரிந்தால் முலாம் பூசியது. அப்புறம், தயவுசெய்து புளி போட்டுத் தேய்க்காதீர்கள்.